பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும் தடுப்பாளரை நடுவர் என்ன செய்வது?

றக்பிச் சட்டப்புத்தகத்தில் நேரம் கடத்துவதைப் பற்றி நேரடியாக இருப்பது ஒற்றை வரி. 9ஆம் சட்டத்தில், வீரர்கள் செய்யக்கூடாதவை என்று நீளும் பட்டியலின் நடுவே, நேரத்தை வீணாக்கக் கூடாது என்று இருக்கும். தண்டனை ஃப்ரீ கிக், பெனல்டியைவிட லேசானது. எத்தனை விநாடி போனால் வீண், யாருடைய நேரம் வீண், வேண்டுமென்றுதான் செய்தார் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது, இதெல்லாம் அங்கே கிடையாது. கண்டியிலும் கொழும்பிலும் பாடசாலை ஆட்டங்களுக்கு விசில் ஊதப் புதிதாக வரும் தம்பிமார் என்னிடம் அதிகம் கேட்பதும் இதைத்தான். ஆஃப்சைட் கண்ணுக்குத் தெரியும், பந்தைக் கையால் முன்னால் தட்டிவிடும் நொக் ஓன் கண்ணுக்குத் தெரியும். ஒருவன் வேண்டுமென்றே மெதுவாக எழும்புகிறானா, உண்மையிலேயே களைத்துப்போனானா என்பதை என்ன வைத்துச் சொல்வது?

நான் பல சீசனாகப் பாடசாலை ஆட்டங்களில்தான் அதிகம் நிற்கிறேன். பெரிய கழக ஆட்டங்களில் கோட்டோரம் கொடி பிடித்திருக்கிறேன். இங்கே சொல்வது அந்த அனுபவத்தில் வந்தது.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். மைதானத்தைச் சுற்றி நிற்பவர்களுக்கு நேரம் கடத்தல் என்றால் கடைசி ஐந்து நிமிடம்தான். முன்னுக்கு நிற்கும் அணியில் ஒருவர் சப்பாத்துக் கயிறு கட்டுவார், முன்வரிசையில் நின்று தள்ளும் ப்ரொப் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிவார், பப்பரே வாத்தியத்தையும் மீறி ஒரு கூச்சல் கிளம்பும். அங்கே திருடப்படுவது கடிகாரம். இன்னொரு வகை, முதல் பாதியில் ஸ்கோர் 0-0 ஆக இருக்கும்போதே நடக்கும். யாரும் கூச்சல் போடமாட்டார்கள், பல நேரம் நடுவரே கவனிக்கமாட்டார். அங்கே திருடப்படுவது தாக்கும் அணியின் வேகம்.

அந்த இரண்டாவது வகை எப்படி இருக்கும் என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். சென்டர் ஒருவர் இடைவெளி கண்டு ஓடி, எதிரணியின் கோல் கோட்டுக்கு எட்டு மீற்றரில் பிடிபடுகிறார். தடுப்பு வரிசை சிதறிக் கிடக்கிறது. வலப்பக்கம் மூன்று நான்கு பேர், இடப்பக்கம் வெறும் புல். திரும்பி ஓடிவந்த தடுப்பு அணியின் ஃப்ளாங்கர் பக்கவாட்டிலிருந்து நுழைந்து பந்தில் கை வைக்கிறார். அது பெனல்டி, நான் விசில் ஊதிக் கையைத் தூக்குகிறேன். தாக்கும் அணிக்குப் பந்தை எடுத்து ஆட்டத்தை ஓட்டும் ஸ்க்ரம் ஹாஃப் வந்துவிட்டார், அவருடைய கண் இடப்பக்கத்தை ஏற்கனவே பார்த்துவிட்டது. பந்து மட்டும் அந்த ஃப்ளாங்கரின் நெஞ்சோடு இருக்கிறது. அவர் அதைத் தூக்கி எறியவில்லை, உதைக்கவில்லை, முறைக்கவும் இல்லை. ஒரு முழங்காலை ஊன்றி, அப்புறம் மற்றதை ஊன்றி எழும்பி, பந்தை இரண்டு கையாலும் ஏந்தி, ஸ்க்ரம் ஹாஃபைச் சுற்றிக்கொண்டு என்னிடம் கொண்டுவந்து நீட்டுகிறார். "சேர், பந்து." அவ்வளவு பணிவு. நான்கைந்து விநாடிதான் போயிருக்கும். நிமிர்ந்து பார்த்தால் இடப்பக்கத்தில் மூன்று பேர் நிற்கிறார்கள்.

அந்தப் பணிவு சொல்லிக்கொடுக்கப்பட்ட பணிவு. எல்லா அணிகளிலும் யாராவது ஒரு கோச் அல்லது பழைய மாணவர் இதைக் கற்றுக்கொடுத்திருப்பார். பந்தை எறிந்தால் மாட்டுவாய், நடுவரிடம் கொடுத்தால் அவர் நன்றி சொல்லுவார் என்று. ஆகவே நான் அந்தப் பந்தை வாங்குவதில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "பந்து அவருக்கு" என்று ஸ்க்ரம் ஹாஃபைக் காட்டுவேன். சின்ன விஷயம்தான். ஆட்டத்தின் முதல் பெனல்டியிலேயே இதைச் செய்துவிட்டால் மீதி ஆட்டத்துக்கு அந்த வித்தை செத்துப்போகும்.

இந்த இடத்தில் புதிய நடுவர்கள் பெரும்பாலும் செய்வது, நேரம் கடத்துகிறார்கள் என்று தெரிந்தவுடன் கையைத் தூக்கி நேரத்தை நிறுத்துவது. பார்க்க நியாயமாக இருக்கும். கோட்டோரத்தில் கைதட்டுவார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள், கோல் கோட்டருகே மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் தடுப்பு அணிக்கு அப்போது என்ன வேண்டும்? கொஞ்சம் மூச்சு, வரிசையைச் சரிசெய்யக் கொஞ்சம் அவகாசம், கெப்டன் இரண்டு வார்த்தை கத்த ஒரு இடைவெளி. நேரத்தை நிறுத்தும் நடுவர் இது எல்லாவற்றையும் தட்டில் வைத்துக் கொடுத்துவிடுகிறார். கடிகாரத்தைத் திருப்பிக் கொடுக்கலாம், வேகத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது. நான் கொடி பிடித்துத் திரிந்த காலத்தில் மூத்த நடுவர் ஒருவர், என்னை எப்போதும் "மல்லி" (சிங்களத்தில் தம்பி) என்றே கூப்பிடுவார், இடைவேளையில் ஒருநாள் சொன்னார்: "மல்லி, ஒருத்தன் நேரத்தைத் திருடினால் கடிகாரத்தை நிறுத்து. அவசரத்தைத் திருடினால் அவனை நிறுத்து." இதற்கு மேல் ஒரு வகுப்பு எனக்குத் தேவைப்படவில்லை.

சரி, அவனை எப்படி நிறுத்துவது? பெனல்டி, ஃப்ரீ கிக் பற்றிய 20ஆம் சட்டம் இதில் 9ஆம் சட்டத்தைவிடக் கூர்மையானது. பெனல்டி கிடைத்தவுடன் எதிரணி உடனடியாகப் பத்து மீற்றர் பின்வாங்க வேண்டும், அல்லது தங்கள் கோல் கோடு அதைவிடக் கிட்ட இருந்தால் அதுவரை. எதிரணி கிக் எடுப்பதைத் தாமதப்படுத்தக் கூடாது, எடுப்பவரை மறிக்கக் கூடாது, பந்தை வேண்டுமென்றே எடுத்துக்கொண்டு போவது, எறிவது, எட்டாத இடத்துக்கு உதைப்பது எதுவும் கூடாது. மீறினால் பத்து மீற்றர் முன்னால் இரண்டாவது பெனல்டி. மைதானத்தின் நடுவில் இது நல்ல மருந்து. முப்பது மீற்றரில் கொடுத்த பெனல்டி இருபதுக்கு வந்தால் கெப்டனே தன் ஆளைத் திட்டிவிடுவார், எனக்கு வேலை மிச்சம்.

கோல் கோட்டுக்குக் கிட்ட வரும்போது இந்த மருந்து வேலை செய்வதில்லை. பெனல்டிக்கான இடத்தைக் கோல் கோட்டிலிருந்து ஐந்து மீற்றருக்கு உள்ளே வைக்க முடியாது. ஏற்கனவே ஆறு மீற்றரில் இருக்கும் பெனல்டியைப் பத்து மீற்றர் முன்னே தள்ளினால் அது ஒரு மீற்றர்தான் நகரும். தடுப்பாளருக்கு இதில் ஒரு நட்டமும் இல்லை. அவருக்கு வேண்டிய ஐந்து விநாடி கிடைத்துவிட்டது, விலையாகக் கொடுத்தது ஒரு மீற்றர் புல். பழகிய அணிகளுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். ஆகவே கடைசிப் பத்து மீற்றரில் பந்தைப் பிடித்துக்கொண்டோ ஸ்க்ரம் ஹாஃபின் சட்டையைப் பிடித்துக்கொண்டோ நிற்பவருக்கு, நான் பத்து மீற்றரைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருப்பதில்லை. மஞ்சள் அட்டை, பத்து நிமிடம் வெளியே. கடுமையாகத் தோன்றும். ஆனால் அந்த ஐந்து விநாடி இல்லாவிட்டால் அங்கே ஒரு ட்ரை (கோல் கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றிப் புள்ளி எடுப்பது) விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரிகிறது என்றால், வேறு எதுவும் அதற்குச் சமமாகாது.

இங்கேதான் வேண்டுமென்று செய்தாரா என்ற கேள்வி வரும். அவருடைய மனதை வாசிக்க நான் முயற்சிப்பதே இல்லை. மூன்று இடங்களைப் பார்க்கிறேன். முதலாவது தாக்கும் அணி. அவர்கள் உடனே ஆடத் தயாராக இருந்தார்களா? ஸ்க்ரம் ஹாஃப் கையை நீட்டிக்கொண்டு நின்றாரா, பக்கத்தில் ஓட ஆள் இருந்ததா? தாக்கும் அணியே கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து வருகிறது, கிக் அடித்து டச்சுக்கு (பக்கக் கோட்டுக்கு வெளியே) போகத்தான் கெப்டன் கோட்டோரத்தைப் பார்க்கிறார் என்றால், தடுப்பாளர் இரண்டு விநாடி கூடப் படுத்திருந்ததில் யாருக்கு என்ன இழப்பு? விட்டுவிடுங்கள். இரண்டாவது, அந்தத் தடுப்பாளரின் கை. சிக்கிக்கொண்டவன் கையைக் காட்டுவான். இரண்டு கையையும் காற்றில் விரித்து, என்னால் முடியவில்லை என்று உடம்பாலேயே சொல்லுவான். நேரம் கடத்துகிறவனின் கை எப்போதும் எதையாவது பிடித்துக்கொண்டிருக்கும், பந்தையோ, சட்டையோ, காலையோ. மூன்றாவது, அவருடைய தலை. எழும்ப முயற்சிக்கிறவர் நிலத்தைப் பார்ப்பார். நேரம் வாங்குகிறவர் தன் வரிசை நிரம்பிவிட்டதா என்று பின்னால் திரும்பிப் பார்ப்பார். இந்த மூன்றாவது அடையாளம் எனக்கு அனேகமாகத் தப்பியதில்லை. பொய் சொல்லப் பழகிய பையன்கூட அந்தத் திரும்பலை மறைக்க மறந்துவிடுவான்.

உண்மையில் விசில் ஊதிய பின்னர் போகும் நேரத்தைவிட, விசிலே ஊதாமல் போகும் நேரம்தான் அதிகம். கீழே கிடக்கும் பந்துக்காக இரு அணியும் கூடித் தள்ளும் ரக்கில், தவறான பக்கம் விழுந்து கிடக்கும் டக்லர், அதாவது ஓடியவரைப் பிடித்து விழுத்தியவர். அவர் உடனே விட்டு, உடனே விலக வேண்டும் என்று 14ஆம் சட்டம் சொல்கிறது. பந்து ஒரு விநாடியில் வருவதற்கும் நான்கு விநாடியில் வருவதற்கும் இடையில்தான் முழு ஆட்டமும் இருக்கிறது. இதை நேரம் கடத்தல் என்று யாரும் பெயர் சொல்வதில்லை, ஆனால் அதுதான். முதல் பத்து நிமிடத்தில் இதற்கு இரண்டு பெனல்டி கொடுக்கும் ஆட்டங்களில் இரண்டாம் பாதி எனக்கு லேசாகப் போய்விடும். முதல் தரம் குரல் மட்டும்: "உருண்டு போ, ஆறு." இலக்கத்தைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். பொதுவாக 'விலகு விலகு' என்று கத்தினால் கீழே கிடக்கும் ஐந்து பேரில் ஒருவரும் தன்னைச் சொல்கிறார் என்று நினைக்கமாட்டார். இரண்டாம் தரம் விசில். மூன்றாம் தரம் கெப்டனைக் கூப்பிட்டு, அடுத்தவர் யாராக இருந்தாலும் வெளியே போவார் என்று சொல்லிவிடுவேன். வெவ்வேறு ஆட்கள் ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்வது அணியின் திட்டம், தனியாள் பிழை இல்லை. அந்த எச்சரிக்கையைச் சொல்லிவிட்டுச் செயற்படாமல் இருந்தால் அதற்குப் பிறகு அந்த ஆட்டத்தில் உங்கள் சொல்லுக்கு மதிப்பில்லை.

இரு அணியும் குனிந்து பிணைந்து பந்துக்காகத் தள்ளும் ஸ்க்ரம்முக்கு வருவோம். நடுவர் இடத்தைக் காட்டியதிலிருந்து முப்பது விநாடிக்குள் இரண்டு அணிகளும் தயாராக வேண்டும், இல்லாவிட்டால் ஃப்ரீ கிக். சர்வதேச ஆட்டங்களில் இப்போது திரையில் கடிகாரம் ஓடுகிறது. நம் பாடசாலை மைதானங்களில் என் கைக்கடிகாரம்தான். நான் இடத்தைக் காட்டி, கையால் கடிகாரத்தைத் தொட்டுக் காட்டுவேன், வாயால் எண்ணமாட்டேன். இருபது விநாடி தாண்டும்போது தாமதிக்கும் பக்கத்தில் முன்வரிசையின் நடுவில் நிற்கும் ஹூக்கரிடம் மட்டும் "பத்து" என்பேன். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 2024 ஜூலையிலிருந்து ஃப்ரீ கிக்குக்குப் பதிலாக ஸ்க்ரம் கேட்க முடியாது. தட்டி ஓட வேண்டும், அல்லது உதைக்க வேண்டும். டச்சுக்கு உதைத்தால் பந்து எறிவது எதிரணி. முன்பு பலமான ஸ்க்ரம் உள்ள அணி ஐந்து மீற்றரில் ஃப்ரீ கிக் கிடைத்தால் மறுபடி ஸ்க்ரம்தான் கேட்கும், தடுப்பாளர்கள் தாமதித்து ஒன்றும் கிடைக்காது. இப்போது மெதுவாக வந்து ஒரு ஃப்ரீ கிக்கைக் கொடுத்துவிட்டு ஸ்க்ரம்மிலிருந்தே தப்பிக்கொள்ளலாம். விதி மாறியபோது ஆட்டம் வேகமாகும் என்றார்கள், பொதுவாக ஆகியிருக்கிறது. ஆனால் கோல் கோட்டருகே தள்ளுப்படும் ப்ரொப்புக்கு அது ஒரு கதவையும் திறந்துவிட்டது என்பது என் கருத்து. அதனால் ஐந்து மீற்றர் ஸ்க்ரம்மில் முதல் தாமதத்துக்கு ஃப்ரீ கிக், அதே ஸ்க்ரம் தொடரில் இரண்டாவது தாமதம் வந்தால் வேண்டுமென்றே சட்டத்தை மீறியதாக எடுத்துப் பெனல்டி. இதைக் கெப்டனிடம் முன்கூட்டியே சொல்லியிருப்பேன்.

ஒன்றை மறக்கக் கூடாது. 19 வயதுக்குட்பட்ட பையன்களின் முன்வரிசையை அவசரப்படுத்துவது ஆபத்தான வேலை. கழுத்து சம்பந்தப்பட்ட விஷயம். ஒன்றரை மீற்றருக்கு மேல் தள்ளக்கூடாது என்று அந்த வயதுக்குத் தனி விதியே இருப்பது சும்மா இல்லை. முப்பது விநாடி என்பது அவர்கள் வந்து சேர்வதற்கு. குனிந்து பிடித்து இணைவதை நான் ஒருபோதும் விரட்டுவதில்லை. மழை பெய்த கண்டி மைதானத்தில் கால் வழுக்கி மூன்று தரம் ஸ்க்ரம் விழுந்தால் அது நேரம் கடத்தலா, சேறா என்று கேட்டால், பெரும்பாலும் சேறுதான்.

டச்சுக்குப் போன பந்தை இரண்டு வரிசைகளுக்கு நடுவே எறியும் லைன் அவுட்டில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தடுக்கும் அணி வட்டம் போட்டு மாநாடு நடத்தினால், எறியும் அணி தயாராக நிற்கிறதா என்று பார்த்து ஃப்ரீ கிக். பந்தோடு டச்சுக்குத் தள்ளப்பட்டவர் பந்தை விடாமல் பிடித்துக்கொண்டால் அது வேறு. விரைவாக எறிய வந்தவரின் வாய்ப்பைப் பறிக்கிறார், அதற்குப் பெனல்டி.

காயம். இதைப் பற்றித்தான் அதிகம் வாக்குவாதம் நடக்கும், அதிகம் நிதானமாக இருக்க வேண்டியதும் இங்கேதான். தடுப்பு வரிசை உடையும்போதெல்லாம் ஒருவர் விழுந்து கிடக்கிறார் என்று எதிரணிக் கோச் கத்துவார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனாலும் கிடக்கும் பையனைப் பார்த்து 'நடிக்கிறாய்' என்று நடுவர் வாயிலிருந்து வரவே கூடாது. தலையில் அடிபட்டதை வெளியிலிருந்து பார்த்து நானும் சொல்ல முடியாது, நீங்களும் சொல்ல முடியாது. என் வழக்கம் இதுதான்: தலை, கழுத்து, முதுகு என்று சின்னச் சந்தேகம் வந்தாலும் ஆட்டத்தை நிறுத்துவேன், கடிகாரத்தையும் நிறுத்துவேன், எத்தனை தரமானாலும். தசைப்பிடிப்பு, கணுக்கால் என்றால் ஆபத்தில்லாத இடத்தில் கிடக்கும்வரை ஆட்டம் தொடரும், மருத்துவ உதவியாளர் ஓடி வந்து பார்க்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஒரே பையன் இரண்டாம் தரம் விழுந்தால் கெப்டனைக் கூப்பிட்டு, "இவருக்கு முடியவில்லைபோல, வெளியே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்" என்பேன். குரலில் கிண்டல் இருக்காது, உண்மையான அக்கறையோடுதான் சொல்வேன். உண்மையில் அடிபட்டவன் என்றால் அவனுக்கு நல்லது. இல்லாவிட்டால் அதற்குப் பிறகு அவன் விழுவதில்லை. பிற்பகல் நான்கு மணிக் கொழும்பு வெயிலில் தசைப்பிடிப்பு பொய்யும் இல்லை. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுததைக் கிட்ட நின்று பார்த்தவர்கள் அவ்வளவு சுலபமாக நடிப்பு என்று சொல்லமாட்டார்கள்.

இனி முதல் வகை, கடிகாரத் திருட்டு. 19 வயதுக்குட்பட்ட ஆட்டம் எழுபது நிமிடம், பாதிக்கு முப்பத்தைந்து. அறுபத்தாறாவது நிமிடத்தில் மூன்று புள்ளி முன்னால் நிற்கும் அணிக்கு ஒவ்வொரு விநாடியும் தங்கம். பிரட்பி கேடயம் மாதிரி இரண்டு கட்ட ஆட்டங்களில் இது இன்னும் விசித்திரமாகும். 1945இலிருந்து கொழும்பு ரோயலும் கண்டி திரினிட்டியும் ஆடிவரும் அந்தத் தொடரில் கொழும்பிலும் கண்டியிலும் எடுத்த புள்ளிகளைக் கூட்டித்தான் கேடயம் யாருக்கு என்று முடிவாகும். அப்படியான தொடரில் அன்றைய ஆட்டத்தில் பின்தங்கி நிற்கும் அணிகூட, மொத்தக் கணக்கில் முன்னால் இருந்தால், நேரத்தைக் கடத்த விரும்பலாம். ஆகவே ஸ்கோர் பலகையைப் பார்த்து யார் நேரம் கடத்துவார் என்று தீர்மானித்துக்கொண்டு நிற்கக் கூடாது. பெரிய பெயருள்ள பாடசாலை ஆட்டங்களில் நிற்பவர்கள் இந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டுக்கொண்டு வர வேண்டும்.

இங்கே கடிகாரத்தை நிறுத்துவதுதான் சரியான மருந்து, அதையும் எல்லோருக்கும் தெரியும்படி நிறுத்த வேண்டும். கையை நேராகத் தூக்கி, விசில் ஊதி, இரண்டு கெப்டன்களின் கண்ணையும் பார்த்து. தாமதித்து ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்தவுடன் சப்பாத்துக் கயிறுகள் தாமாகவே கட்டப்பட்டுவிடும். பலருக்குத் தெரியாத இன்னொன்று: நேரம் முடிவதற்கு முன்பு கொடுக்கப்பட்ட ஸ்க்ரம்மோ லைன் அவுட்டோ, இடையில் நேரம் முடிந்தாலும் ஆடியே தீரும். கடைசி நிமிடத்தில் தடுப்பாளர்கள் மெதுவாக நடந்து வந்தால் நான் சத்தமாகச் சொல்லிவிடுவேன்: "எவ்வளவு மெதுவாக வந்தாலும் இந்த ஸ்க்ரம் நடக்கும்." நடை உடனே ஓட்டமாகும்.

அதேநேரம் கோட்டோரத்தில் திட்டு வாங்கும் எல்லாமே குற்றம் இல்லை. பெனல்டி கோல் அடிக்கப்போவதாகச் சொன்னால் அறுபது விநாடி உண்டு. ட்ரைக்குப் பின் அடிக்கும் கன்வேர்ஷனுக்கு முன்பு தொண்ணூறு, 2025இலிருந்து அறுபது. முன்னால் நிற்கும் அணி அந்த அறுபதில் ஐம்பத்தெட்டை எடுத்துக்கொண்டால் அது அவர்களுக்குச் சட்டம் கொடுத்த நேரம். முன்வரிசைக்காரர்கள் பந்தை எடுத்து எடுத்து ஒவ்வொரு அடியாக முன்னேறி இரண்டு நிமிடத்தைத் தின்றால் அதுவும் ஆட்டம்தான். எதிரணி பந்தைப் பறிக்கட்டும். நடுவர் வேலை, அழகில்லாத ஆட்டத்தைத் தண்டிப்பது இல்லை.

இந்த விஷயத்தில் உலகமே பேசிய தீர்ப்பு 2022 செப்டம்பரில் மெல்பேர்னில் வந்தது. அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஆடும் பிளெடிஸ்லோ கிண்ண ஆட்டம், அவுஸ்திரேலியா 37-34 முன்னால். முடியும் தறுவாயில், தங்கள் கோல் கோட்டருகே தடுத்துக்கொண்டிருந்த அவுஸ்திரேலியாவுக்குப் பெனல்டி கிடைத்தது. பேர்னார்ட் ஃபோலி அதை டச்சுக்கு அடித்துவிட்டால் அனேகமாக ஆட்டம் முடிந்த மாதிரி. அவர் தாமதித்தார். பிரெஞ்சு நடுவர் மத்தியூ ரேனால் கடிகாரத்தை நிறுத்தினார், எச்சரித்தார், மறுபடி ஓடவிட்டார், அடிக்கச் சொன்னார். அப்போதும் பந்து காலை விட்டுப் போகவில்லை. பெனல்டியைத் தாமதமில்லாமல் எடுக்க வேண்டும் என்ற விதிப்படி நியூசிலாந்துக்கு ஐந்து மீற்றரில் ஸ்க்ரம் கொடுத்தார். அதிலிருந்து ஜோர்டி பாரெட் ட்ரை போட்டார், நியூசிலாந்து 39-37 என்று வென்றது. இதைத் தவறு என்று சொல்பவர்களோடு நான் இன்னும் வாதாடுவேன். விதி இருந்தது, எச்சரிக்கை இருந்தது, தண்டனை புத்தகத்தில் உள்ளதுதான். இவ்வளவு அரிதாகப் பயன்படும் விதியை இப்படியான நேரத்தில் எடுத்ததால்தான் எல்லோரும் அதிர்ந்தார்கள். அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து உலக றக்பி அமைப்பு இந்த நேரவிதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்றும்படி நடுவர்களுக்குச் சொன்னது. பாடசாலை ஆட்டத்தில் எனக்கு இதிலிருந்து கிடைத்த பயன்: கடைசி நிமிடத்தில் எடுக்கப்போகும் தீர்ப்பை ஐந்தாவது நிமிடத்தில் ஒருதரம் எடுத்துக் காட்டிவிட வேண்டும். ஸ்கோர் 0-0 ஆக, மைதானத்தின் நடுவில், யாருக்கும் பெரிதாக நோகாத இடத்தில். அங்கே கொடுத்த ஃப்ரீ கிக்கை யாரும் நினைவு வைத்திருக்கமாட்டார்கள், ஆனால் அறுபத்தெட்டாவது நிமிடத்தில் கொடுக்கும்போது கெப்டன் வாயைத் திறக்கமாட்டார்.

நேரம் கடத்துவதில் கெட்டிக்காரர் சில வேளை விசில் வைத்திருப்பவர்தான் என்பதையும் சொல்ல வேண்டும். பெனல்டி கொடுத்துவிட்டு இடத்தைக் காட்டத் தாமதிப்பது, ஸ்க்ரம் ஹாஃப் அரை மீற்றர் தள்ளித் தட்டினார் என்று திருப்பிக் கூப்பிடுவது, தவறு செய்தவருக்கு நீளமாக வகுப்பு எடுப்பது. எல்லாமே தடுப்பு அணிக்கு இலவச ஓய்வு. இடத்தை ஓடிப்போய்க் காட்டிவிட்டு விலகிவிடுங்கள். "என்ன பெனல்டி சேர்?" என்று தடுப்பு அணிக் கெப்டன் வந்து கேட்பதும் பல நேரம் கேள்வி இல்லை, இடைவெளி வாங்கும் வழி. பதில் இரண்டு வார்த்தை: "பக்கவாட்டு நுழைவு." அதையும் ஓடிக்கொண்டே சொல்வேன். விளக்கம் வேண்டுமென்றால் பந்து டச்சுக்குப் போன பின்னர் வரட்டும்.

கடைசியாகப் பந்து எடுத்துக் கொடுக்கும் சின்னப் பையன்கள். பாடசாலை மைதானத்தில் இவர்கள் எப்போதும் சொந்தப் பாடசாலையின் கனிஷ்ட அணிக்காரர்கள். அண்ணன்மார் ஸ்கோரில் பின்னால் இருக்கும்போது பந்து பறந்து வரும், முன்னால் போனவுடன் பந்து வேலிக்கு அப்பால் காணாமல் போகும். அவர்களை யாரும் தண்டிக்க முடியாது, சட்டமும் அவர்களைப் பற்றி எனக்கு ஒரு ஆயுதமும் தரவில்லை. அதனால் ஆட்டத்துக்கு முன்பே பொறுப்பாசிரியரிடம் கேட்டு இரண்டு பாடசாலையிலிருந்தும் பையன்களைப் போட்டுக்கொள்வேன், கோட்டுக்கு இருவர் வீதம், ஒவ்வொரு பக்கமும் கலந்து. மேலதிகமாக ஒரு பந்து, கோட்டோரம் கொடி பிடிக்கும் டச் ஜட்ஜ் காலடியில் இருக்கும். வேலிக்கு வெளியே போன பந்தை யாரும் தேடிப் போக வேண்டியதில்லை என்று பையன்களிடமும் சொல்லிவிடுவேன். விரைவாக எறிய விரும்பும் அணிக்கு மட்டும் இது உதவாது, அதற்கு அதே பந்துதான் வேண்டும். மற்றபடி இந்த ஏற்பாட்டுக்கு ஆட்சேபனை சொன்ன பொறுப்பாசிரியரை நான் இன்னும் சந்திக்கவில்லை.